தங்கத் துகளும் ஒளியும் பாக்டீரியாவை எப்படி இனம் காண்கின்றன?

தங்க நானோ துகள்களைக் கொண்டு நோய் தரும் பாக்டீரியாவைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம் என்னும் செய்தி அவ்வப்போது கண்ணில் படுகிறது. அதைப் படிப்பவர் மனத்தில் பெரும்பாலும் ஒரே சித்திரம்தான் எழுகிறது. தங்கத் துகள் கிருமியைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்கிறது, அதன்மேல் ஒளி பட்டதும் மின்னுகிறது, மின்னினால் கிருமி உண்டு, மின்னாவிட்டால் இல்லை. இந்தச் சித்திரம் ஏறக்குறைய முழுவதும் தவறானது. தங்கத்துக்குக் கிருமியைத் தெரியாது. தீங்கு செய்யும் பாக்டீரியாவையும் தீங்கற்ற பாக்டீரியாவையும் பிரித்தறியும் திறன் அதற்கு இல்லை. வெள்ளிக்கும் இல்லை.

இந்த முறையில் உண்மையில் மூன்று வேலைகள் நடக்கின்றன. மூலக்கூறுகளைத் தம் அடையாளத்தை வெளிப்படுத்த வைப்பது ஒளியின் வேலை. அந்த மெல்லிய அடையாளத்தைப் பலமடங்கு பெருக்கிக் காட்டுவது உலோகத் துகளின் வேலை. பெருக்கிய அடையாளத்தை ஏற்கெனவே சேர்த்துவைத்த அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்வது கணினியின் வேலை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இதைப் பற்றிய பேச்சில் மிகையான நம்பிக்கையும் தேவையற்ற ஐயமும் மாறிமாறி வருகின்றன. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது?

நோயாளியின் உடலிலிருந்து எடுத்த மாதிரியில் எந்தப் பாக்டீரியா இருக்கிறது என்று அறிய, அதை ஊட்டச்சத்துள்ள ஊடகத்தில் இட்டு வளர்ப்பதே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கையாளப்படும் வழி. ஒற்றைப் பாக்டீரியா பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக, அதாவது காலனியாக வளர, வழக்கமான இனங்களுக்கே 18 முதல் 24 மணி நேரம் ஆகும். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று சோதிக்கப் பெரும்பாலும் இன்னொரு நாள் தேவைப்படும். காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவதால் அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மரபுப் பொருளைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை விரைவானதுதான், ஆனால் எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தால்தான் அது விடை தரும். இந்த இடைவெளியை நிரப்புமா என்ற எதிர்பார்ப்புதான் ஒளியை நாட வைத்தது.

தட்டிப் பார்த்து அறிவதைப் போல

மூடிய குடம் ஒன்றில் தண்ணீர் இருக்கிறதா, அது மண்ணால் ஆனதா, செம்பால் ஆனதா, எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்பதை உடைத்துப் பார்க்காமலே அறிய நாம் விரலால் தட்டிப் பார்க்கிறோம். தட்டுவது ஒரே விரல், ஒரே விசை. எழும் ஓசைதான் வேறுபடுகிறது. அந்த வேறுபாடு குடத்தின் பொருளிலிருந்தும் அமைப்பிலிருந்தும் வருகிறது.

மூலக்கூறுகளும் இப்படித்தான். மூலக்கூறு என்பது அசையாத பொம்மை அல்ல. அதிலுள்ள அணுக்களை இணைக்கும் பிணைப்புகள் சுருள்வில்களைப் போல ஓயாமல் நீண்டும் சுருங்கியும் வளைந்தும் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. கனமான அணுக்கள் மெதுவாக அதிர்கின்றன, இலேசான அணுக்கள் விரைவாக. உறுதியான பிணைப்பு விரைவாக, தளர்ந்த பிணைப்பு மெதுவாக. நரம்புக் கருவியில் தடித்த நரம்பு தாழ்ந்த சுரத்தையும் இறுக்கிய நரம்பு உயர்ந்த சுரத்தையும் தருவதற்கு இணையானது இது. எனவே ஒரு மூலக்கூறு எந்தெந்த வேகங்களில் அதிர்கிறது என்று பட்டியலிட்டால், அந்தப் பட்டியல் அதன் கைரேகை ஆகிவிடும்.

இந்த மூலக்கூறைத் தட்டும் விரல்தான் லேசர் ஒளி. ஒரு வேறுபாடு உண்டு: இங்கே நாம் ஓசையைக் கேட்பதில்லை, திரும்பி வரும் ஒளியின் நிறத்தைப் பார்க்கிறோம்.

ராமன் சிதறல்: நிறம் மாறித் திரும்பும் ஒளி

ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின்மேல் செலுத்தினால், அதில் சிதறும் பகுதி ஏறக்குறைய முழுவதும் அதே நிறத்தில்தான் திரும்புகிறது. சுவரில் எறிந்த பந்து வந்த வேகத்திலேயே திரும்புவது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மிகச் சில ஒளித்துகள்கள் மூலக்கூறை அதிர வைத்து, அதற்குத் தம் ஆற்றலில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, மீதி ஆற்றலோடு திரும்புகின்றன. ஒளியைப் பொறுத்தவரை ஆற்றல் குறைவது என்றால் நிறம் சிவப்புப் பக்கம் நகர்வது என்று பொருள். எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால், மூலக்கூறு எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொண்டது என்று தெரியும்; அதிலிருந்து எந்த அதிர்வு அது என்பதும் தெரியும். இதுவே ராமன் சிதறல். சி. வி. ராமன் கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து கொல்கத்தாவில் 1928-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இதைக் கண்டறிந்தார். 1930-இல் இதற்காக இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். பாக்டீரியா ஆய்வில் அதிகம் பயன்படுவது 785 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத ஆழ்சிவப்பு லேசர். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. புரதங்களில் காணப்படும் பினைல் அலனைன் என்னும் அமினோ அமிலத்தின் வளையம் இந்த ஒளியைச் சிதறடிக்கும்போது ஒரு சிறு பகுதி ஏறத்தாழ 852 நானோமீட்டரில் திரும்பி வருகிறது. லேசர் எதுவாக இருந்தாலும் ஒப்பிட வசதியாக, இந்த நகர்வை அலைஎண் என்ற அளவில் குறிப்பார்கள். அலைஎண் என்பது ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை அலைகள் அடங்கும் என்ற கணக்கு. வந்த ஒளியின் அலைஎண்ணிலிருந்து திரும்பிய ஒளியின் அலைஎண்ணைக் கழித்தால் இங்கே சுமார் 1003 வரும். லேசரை மாற்றினால் 852 என்ற எண் மாறும், 1003 மாறாது. ஏனெனில் அது லேசருக்குரியது அல்ல, மூலக்கூறுக்குரியது.

நகர்ந்து வந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, எந்த அலைஎண்ணில் எவ்வளவு ஒளி வந்தது என்று வரைந்தால் மலைத்தொடர் போன்ற ஒரு கோடு கிடைக்கும். அதற்கு நிறமாலை என்று பெயர். அதிலுள்ள ஒவ்வொரு முகடும் ஒரு வகை அதிர்வைச் சுட்டும். தண்ணீர் இதில் மிக மெலிதாகவே குறுக்கிடுகிறது. உயிருள்ள பொருள் ஒவ்வொன்றும் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் இது சிறிய நன்மை அல்ல.

இங்கேதான் சிக்கல். இப்படி நிறம் மாறித் திரும்புவது ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்று மட்டுமே. ராமன் காலத்தில் பாதரச விளக்கின் ஒளியைச் செலுத்தி, ஒளிப்படத் தகட்டில் பதிவு விழ மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். 1960-இல் லேசர் வந்த பிறகு நிலைமை மேம்பட்டது. இருந்தாலும் சில பாக்டீரியாக்கள் மட்டுமே உள்ள மாதிரியில் எழும் குறிப்பு, அதாவது நிறம் மாறித் திரும்பும் ஒளியின் அளவு, மிகவும் மெலிந்தது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். மூலக்கூறுக்குத் தனக்கென ஓர் அதிர்வுப் பட்டியல் உண்டு. ஒளி அதை வெளிக்கொணர்கிறது. ஆனால் அது முணுமுணுப்பாகவே வருகிறது. உலோகத் துகள் நுழைவது இந்த முணுமுணுப்பைப் பெருக்கத்தான்.

உலோகத் துகள் ஏன் பெருக்குகிறது?

தங்கக் கட்டி மஞ்சளாக இருக்கும். அதே தங்கத்தை 20 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அந்த நீர் ஒயின் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-இலேயே இப்படிப்பட்ட சிவப்புத் தங்கக் கரைசலைச் செய்து, இந்த நிறத்துக்குத் துகளின் சிறிய அளவே காரணம் என்று சொன்னார். சாயம் எதுவும் சேர்க்காமல் நிறம் எங்கிருந்து வந்தது?

உலோகத்தில் உள்ள எலக்ட்ரான்களில் ஒரு பகுதி எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் உலோகம் முழுவதும் நீர் போலத் திரிகின்றன. ஒளி என்பது முன்னும் பின்னும் மாறிக்கொண்டே இருக்கும் மின்புலம். அது சிறிய துகளின்மேல் படும்போது, அந்த எலக்ட்ரான்கள் அனைத்தும் கூட்டமாக ஒரு பக்கம் தள்ளப்பட்டு, மீண்டும் மறுபக்கம் இழுக்கப்படுகின்றன. தட்டில் தண்ணீரை ஏந்திக்கொண்டு நடந்தால், நம் நடையின் தாளமும் தண்ணீர் அலையும் தாளமும் ஒத்துப்போகும் கணத்தில் தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தளும்புகிறது அல்லவா? துகளுக்குள்ளும் ஒளியின் தாளம் எலக்ட்ரான் கூட்டத்தின் இயல்பான தாளத்தோடு பொருந்தும்போது இப்படித் தளும்பல் உண்டாகிறது. இந்தக் கூட்டு ஊசலாட்டத்துக்குப் பிளாஸ்மான் என்று பெயர். சிறிய தங்க உருண்டைக்கு இது சுமார் 520 நானோமீட்டர் பச்சை ஒளியில் நிகழ்கிறது. பச்சை உறிஞ்சப்படுவதால் மிச்சமுள்ள ஒளி சிவப்பாகத் தெரிகிறது. வெள்ளி உருண்டைக்கு இது 400 நானோமீட்டர் அளவில் நிகழ்வதால் அதன் கரைசல் மஞ்சளாக இருக்கிறது. துகளைக் கோல் போல நீட்டினாலோ பல துகள்களை நெருக்கி வைத்தாலோ இந்தத் தாளம் சிவப்புப் பக்கம் நகரும். 785 நானோமீட்டர் லேசருக்கும் தங்கத்துக்கும் பொருத்தம் ஏற்படுவது இந்த வழியில்தான்.

தளும்பும் எலக்ட்ரான்கள் துகளின் மேற்பரப்பை ஒட்டி மிக வலுவான மின்புலத்தை எழுப்புகின்றன. அந்தப் பகுதியில் ஒரு மூலக்கூறு இருந்தால் அதன்மேல் விழும் ஒளியே வலுத்துவிடுகிறது. இதோடு நிற்பதில்லை, மூலக்கூறு சிதறடிக்கும் ஒளியையும் அதே துகள் வாங்கி வலுப்படுத்தி வெளியே அனுப்புகிறது. வரும்போது ஒரு முறை, போகும்போது ஒரு முறை. மின்புலம் பத்து மடங்கு உயர்ந்தால் ஒளியின் செறிவு நூறு மடங்காகும். இரண்டு வழியிலும் அது நடப்பதால் நூறை நூறால் பெருக்கிப் பத்தாயிரம் மடங்கு என்று கொள்ள வேண்டும். மின்புலம் நூறு மடங்கு உயர்ந்தால் பெருக்கம் பத்துக் கோடி. இவ்வளவு சிறிய காரணத்திலிருந்து இவ்வளவு பெரிய விளைவு பிறக்கும் இடங்கள் இயற்பியலில் அதிகம் இல்லை.

இரண்டு துகள்கள் ஒன்றிரண்டு நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கும்போது, அந்த இடுக்கில் மின்புலம் உச்சத்தை அடைகிறது. இத்தகைய இடுக்குகளைச் சூடான புள்ளிகள் என்கிறார்கள். பெயரைக் கேட்டு வெப்பம் என்று எண்ண வேண்டாம். ஒளி குவியும் இடம் என்பதே பொருள். கிடைக்கும் குறிப்பின் பெரும்பங்கு, மாதிரி முழுவதிலிருந்தும் அல்லாமல், இத்தகைய சில இடுக்குகளிலிருந்து மட்டுமே வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இந்த விளைவு கண்டறியப்பட்ட கதையும் ஒரு தவறான புரிதலில் தொடங்கியது. 1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஃபிளைஷ்மன், ஹெண்ட்ரா, மக்குயிலன் ஆகிய மூவரும், வெள்ளி மின்முனையின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதில் பிரிடின் என்னும் சேர்மத்தைப் படியவைத்து ராமன் சிதறலை அளந்தார்கள். எதிர்பாராத வலுவான குறிப்பு கிடைத்தது. சொரசொரப்பான பரப்பில் அதிக மூலக்கூறுகள் ஒட்டியிருப்பதே காரணம் என்று அவர்கள் கருதினார்கள். பரப்பு கூடுவதை மட்டும் வைத்து அந்த வலுவை விளக்க முடியாது, ஒவ்வொரு மூலக்கூறின் குறிப்பும் ஏறத்தாழ லட்சம் முதல் பத்து லட்சம் மடங்கு பெருகியிருக்கிறது என்பதை 1977-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே எடுத்துக்காட்டின. மேற்பரப்பால் பெருக்கப்பட்ட ராமன் சிதறல் என்ற நீண்ட பெயர் இதற்கு அமைந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் செர்ஸ் என்று சுருக்கி அழைக்கிறார்கள். 1997-இல் ஒற்றைச் சாய மூலக்கூறின் நிறமாலையைக்கூட இம்முறையில் பதிவு செய்ததாக இரு குழுக்கள் அறிவித்தன.

சுருங்கச் சொன்னால், உலோகத் துகள் ஒலிபெருக்கியைப் போன்றது. ஒலிபெருக்கிக்குப் பேசுபவர் யார் என்று தெரியாது. எதிரே எவர் நின்று பேசினாலும் அது பெருக்கும்.

பாக்டீரியாவின் எந்தப் பகுதி பேசுகிறது?

பொதுவான கட்டுரைகளில் அதிகம் விடுபட்டுப்போகும் கேள்வி இது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகச் சுவையானதாகத் தோன்றுவதும் இதுதான்.

முதலில் அளவுகளை மனத்தில் நிறுத்த வேண்டும். ஒரு பாக்டீரியாவின் குறுக்களவு ஏறத்தாழ ஆயிரம் நானோமீட்டர். அதைக் கால்பந்து அளவுக்குப் பெரிதாக்கினால், 50 நானோமீட்டர் தங்கத் துகள் ஒரு கோலிக்குண்டு அளவுக்கு வரும். அதே கணக்கில், கிராம் பாசிட்டிவ் என்ற வகையைச் சேர்ந்த பாக்டீரியாவின் சுவர் பல மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். கிராம் நெகட்டிவ் வகைக்குச் சுவர் மெல்லியது. ஆனால் அதற்கு வெளியே கொழுப்பும் சர்க்கரையும் கலந்த இன்னோர் உறை உண்டு. பாக்டீரியாக்களை இந்த இரு வகையாகப் பிரிக்கும் சாயமேற்றும் முறையை 1884-இல் ஹன்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்டார்; பெயர் அவருடையது, எடை அளவான கிராமுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இப்போது தங்கத் துகளின் எட்டும் தூரத்தைப் பாருங்கள். அதன் பெருக்கும் ஆற்றல் மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டருக்குள் மங்கிவிடுகிறது. கால்பந்துக் கணக்கில் இரண்டு நானோமீட்டர் என்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கோலிக்குண்டு பந்தின் தோலை ஒட்டி நின்றாலும், அதன் காதுக்கு எட்டுவது தோலின் மேல்படலத்தில் எழும் ஓசை மட்டுமே. உள்ளே இருக்கும் மரபுப் பொருளையோ புரதக் கிடங்கையோ அது கேட்பதில்லை. ஆகவே தங்கத் துகள் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைப் படிக்கிறது என்று எங்காவது எழுதியிருந்தால், இந்த முறையைப் பொறுத்தவரை அது பிழை.

அப்படியானால் கேட்பது சுவரின் ஓசைதானா? வெகுநாள் அப்படித்தான் எண்ணினார்கள். வெவ்வேறு பாக்டீரியாக்களின் செர்ஸ் நிறமாலைகளில் 730 என்ற அலைஎண்ணுக்கு அருகே ஓங்கிய முகடு ஒன்று திரும்பத் திரும்பத் தோன்றியது. சிலர் அதைச் சுவரிலுள்ள சர்க்கரைச் சேர்மத்துக்கு உரியது என்றார்கள். வேறு சிலர் ஃபிளேவின் என்னும் சேர்மத்துக்கு உரியது என்றார்கள். டி.என்.ஏ.விலும் ஆர்.என்.ஏ.விலும் உள்ள கட்டுமானக் கூறுகளில் ஒன்றான அடினைனுக்கு உரியது என்போரும் இருந்தார்கள். பல ஆண்டுகள் இந்த விவாதம் நீடித்தது.

2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தீர்க்கக் கையாண்ட வழி அழகானது. பாக்டீரியாக்களை வழக்கமான கார்பன், நைட்ரஜனுக்குப் பதிலாகச் சற்றே கனமான கார்பன்-13, நைட்ரஜன்-15 அணுக்களைக் கொண்ட உணவில் வளர்த்தார்கள். வேதி இயல்பில் இவற்றுக்குள் வேறுபாடு இல்லாததுபோலவே பாக்டீரியா உண்டு வளர்ந்தது. ஆனால் கனமான அணு மெதுவாக அதிரும் என்று முன்பு பார்த்தோம். எனவே முகடு இடம் மாறியது. எந்த அணுவை மாற்றினால் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தபோது, அது அடினைனின் நகர்வோடு பொருந்தியது. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, இந்த முகடுகளுக்குக் காரணமானவை அடினைன், ஹைப்போசாந்தின், சாந்தின், யூரிக் அமிலம் முதலிய பியூரின் வகைச் சேர்மங்கள் என்றும், உணவற்ற வெறும் நீரில் கழுவப்பட்ட பாக்டீரியா பட்டினியில் தன் பழைய ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து இவற்றை வெளியே விடுகிறது என்றும் காட்டியது.

இதன் பொருளை நின்று கவனிக்க வேண்டும். பாக்டீரியாவின் உருவப்படம் என்று நாம் நினைத்தது பெரும்பகுதி அது வெளியே எறிந்த கழிவின் படம். வீட்டுக்குள் நுழையாமல், வாசலில் கொட்டிய குப்பையைப் பார்த்து உள்ளே இருப்பவர் யார் என்று ஊகிப்பதற்கு ஒப்பானது இது. கேட்க ஏமாற்றமாக இருந்தாலும், முறை பயனற்றுப்போய்விடவில்லை. பியூரினைச் சிதைக்கும் நொதிகள் எல்லா இனத்திலும் ஒன்றுபோல் இல்லை. ஓர் இனம் அடினைனோடு நிறுத்திவிடும், இன்னொன்று அதை மேலும் மாற்றி ஹைப்போசாந்தினாக வெளியேற்றும். கழிவின் கலவையே இனத்துக்கு இனம் மாறுவதால், அதுவும் ஒரு கைரேகைதான். ஆனால் பாக்டீரியாவை எப்படிக் கழுவினோம், எவ்வளவு நேரம் நீரில் வைத்தோம், முன்பு எதை உண்டது என்பதெல்லாம் இந்தக் கைரேகையை மாற்றிவிடும். ஒரே பாக்டீரியாவுக்கு இரு ஆய்வகங்கள் இரண்டு வெவ்வேறு நிறமாலைகளைத் தருவது ஏன் என்ற புதிருக்கு இது நல்ல விளக்கம்.

பெயர் சொல்வது ஒப்பீடு

நிறமாலை கையில் வந்ததும் பெயர் தானாகத் தெரிந்துவிடாது. எல்லாப் பாக்டீரியாக்களும் ஏறத்தாழ ஒரே மூலப்பொருள்களால் ஆனவை. புரதம், கொழுப்பு, சர்க்கரை, நியூக்ளிக் அமிலம் ஆகியவை எங்கும் உண்டு. எனவே ஓர் இனத்துக்கு மட்டுமே உரிய தனி முகடு என்று பெரும்பாலும் எதுவும் இல்லை. முகடுகளின் உயர விகிதங்களிலும் தோள்களின் வளைவுகளிலும் சிறுசிறு வேறுபாடுகளே உள்ளன. மனிதக் கண் அவற்றைப் பிரித்தறிவது கடினம். அதனால் பெயர் தெரிந்த பாக்டீரியாக்களின் ஆயிரக்கணக்கான நிறமாலைகளை முதலில் சேர்த்து, அவற்றைக் கணினிக்குக் காட்டிப் பழக்கி, பிறகு புதிய நிறமாலை எந்தக் கூட்டத்தோடு சேர்கிறது என்று கேட்கிறார்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் இவ்வகையில் 30 வகை நோய்க் கிருமி மாதிரிகளின் ராமன் நிறமாலைகளை ஆழ்கற்றல் முறையில் வகைப்படுத்தினார்கள். தனித்தனி மாதிரியாகப் பெயர் சொல்வதில் சரிநுட்பம் சுமார் 82 விழுக்காடு. எந்த மருந்து தர வேண்டும் என்ற அளவில் தொகுத்துப் பார்த்தபோது அது 97 விழுக்காட்டை எட்டியது. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அறிவூட்டுவது: கணினி குழப்பிக்கொண்ட கிருமிகள் பெரும்பாலும் ஒரே மருந்துக்குக் கட்டுப்படும் நெருங்கிய உறவினர்கள்.

இங்கே ஓர் எல்லையைச் சொல்லியே ஆக வேண்டும். பழக்கும்போது காட்டாத பாக்டீரியா மாதிரியில் வந்தால், இத்தகைய கணினி நிரல் தெரியாது என்று சொல்லாமல், தனக்குத் தெரிந்தவற்றில் நெருக்கமான ஒன்றின் பெயரைச் சொல்லிவிடக்கூடும். நூலகத்தில் இல்லாத நூலை எவராலும் எடுத்துத் தர முடியாது.

மறைமுக வழி: அடையாளத் துகள்

இதுவரை சொன்னது பாக்டீரியா தரும் குறிப்பையே நேரடியாகக் கேட்கும் வழி. இன்னொரு வழியில் பாக்டீரியாவின் நிறமாலையைப் பார்ப்பதே இல்லை. தங்கத் துகளின்மேல் முதலில் வலுவான, எளிதில் அடையாளம் தெரியும் நிறமாலை கொண்ட ஒரு சேர்மத்தைப் பூசுகிறார்கள். அதற்கும் மேலே, குறிப்பிட்ட பாக்டீரியாவோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்புரதத்தை, அதாவது நம் உடல் கிருமிகளை எதிர்க்க உருவாக்கும் ஆன்டிபாடியைப் பொருத்துகிறார்கள். துகள் போய் ஒட்டியபின் மிச்சத்தைக் கழுவிவிட்டுப் பார்த்தால், பூசிய சேர்மத்தின் குறிப்பு எங்கே எழுகிறதோ அங்கே அந்தப் பாக்டீரியா இருக்கிறது என்று பொருள்.

தொடக்கத்தில் சொன்ன பொதுவான சித்திரத்துக்கு ஓரளவு நெருங்கி வருவது இந்த வழி மட்டுமே. இதிலும் இனம் காண்பது ஆன்டிபாடிதான். தங்கம் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறது, அவ்வளவே. நம்பகத்தன்மையில் இது நேரடி வழியை விட மேலானது. ஆனால் பி.சி.ஆர். போலவே, எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இதற்கும் உண்டு. பல கருத்தரிப்புச் சோதனைப் பட்டைகளில் தோன்றும் சிவப்புக் கோடும் தங்க நானோ துகள்தான். அங்கே துகளின் நிறத்தைக் கண்ணால் பார்க்கிறோம், நிறமாலை எதையும் பிரிப்பதில்லை. இரண்டையும் ஒன்றென எழுதுவதும் அடிக்கடி நிகழும் குழப்பம்.

சோதனைக் குழாயிலிருந்து நோயாளியிடம் வரும்போது

தூய பாக்டீரியாவைத் தூய நீரில் கலந்து அளப்பது ஆய்வகத்தில் எளிது. இரத்தம் அப்படி அல்ல. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள் இருக்கின்றன. இரத்தத் தொற்று கொண்டவரிடம் அதே அளவில் பாக்டீரியா நூறுக்கும் குறைவாக, பல வேளைகளில் பத்துக்கும் குறைவாக இருக்கும். இரத்தத்திலுள்ள புரதங்கள் முந்திக்கொண்டு தங்கத் துகளைப் போர்த்திவிடுகின்றன. ஒலிபெருக்கி எதையும் பெருக்கும் என்றோமே, அது இங்கே இடையூறாகிறது: பாக்டீரியா பேசுவதற்கு முன் கூட்டம் பேசிவிடுகிறது. எனவே முதலில் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துச் செறிவாக்க வேண்டும். இரும்பு ஆக்சைடு சேர்ந்த காந்தத் துகள்களில் ஆன்டிபாடியைப் பொருத்தி, ஒட்டிய பாக்டீரியாக்களைக் காந்தத்தால் ஒதுக்குவது ஒரு வழி. சில நிமிடங்களில் விடை என்று அறிவிப்பவை பல நேரங்களில் இந்த முன்தயாரிப்பு நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. லேசர் பட்ட நேரம் மட்டுமே நிமிடக் கணக்கு.

இரண்டாவது இடையூறு சூடான புள்ளிகளின் ஒழுங்கின்மை. துகள்கள் எப்படித் திரள்கின்றன என்பது ஒவ்வொரு முறையும் சற்றே மாறுகிறது. இடுக்கு ஒரு நானோமீட்டர் அகன்றாலும் பெருக்கம் வெகுவாகக் குறைந்துவிடும். ஒரே மாதிரியை இருமுறை அளந்தால் முகடுகளின் உயரம் ஒத்துவராமல் போவது இதனால்தான். துகள்களைச் சிதறவிடாமல், ஒரு சிறு தகட்டின்மேல் ஒழுங்கான வரிசையில் பதித்துத் தயாரித்தால் இது ஓரளவு குறைகிறது. வெள்ளி தங்கத்தை விட வலுவாகப் பெருக்கும். ஆனால் காற்றில் மங்கிப்போகும், அதன் அயனிகள் பாக்டீரியாவையே கொல்லவும் செய்யும். உயிருள்ள பாக்டீரியாவைத் தொடர்ந்து கவனிக்க வேண்டிய இடத்தில் தங்கத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இது ஒரு காரணம்.

மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வி

மருத்துவருக்குக் கிருமியின் பெயரை விடவும் அவசரமானது, எந்த ஆன்டிபயாடிக் மருந்துக்கு அது கட்டுப்படும் என்பது. ஒரே பெயர் கொண்ட இரண்டு பாக்டீரியாக்களில் ஒன்று மருந்துக்கு மடியும், மற்றொன்று தாங்கும். அவற்றின் வெளித்தோற்றமும் சுவரும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், நிறமாலையை மட்டும் பார்த்து இதைச் சொல்வது எளிதன்று.

முன்பு பெரும் குழப்பத்தை விளைவித்த அந்த 730 முகடு பயன்படுவது இங்கேதான். அது பாக்டீரியா வெளியேற்றும் பொருளின் முகடு. அதாவது உயிர்ச்செயல் நடந்துகொண்டிருப்பதன் அறிகுறி. மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றில் மருந்தைச் சேர்த்து, மற்றதை அப்படியே வைத்திருந்து, சில மணி நேரத்துக்குப் பின் இரண்டையும் அளக்கிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படும் பாக்டீரியாவில் முகடு தாழ்ந்துபோகிறது. தாங்கும் பாக்டீரியாவில் இரண்டு நிறமாலைகளும் ஒத்தே இருக்கின்றன. இதற்கு நூலகம் தேவையில்லை, பெயரும் தேவையில்லை. ஒரே பாக்டீரியா, ஒரே துகள், ஒரே நாளில் எடுத்த இரண்டு அளவீடுகள் என்பதால், ஆய்வகத்துக்கு ஆய்வகம் நிறமாலை மாறும் சிக்கலும் பெருமளவு விலகிவிடுகிறது.